நீல நூல் கட்டிய ரொட்டி

சங்கரன்கோவில்
6-2-1983

அன்பு மாப்பிள்ளை செல்லச்சாமிக்கு, சண்முகையா எழுதுவது.

இவ்விடம் நான், உன் அக்காள் கோமதித்தாய், மகள் உலகம்மாள் மூவரும் சுகம். பம்பாய்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, சளி விட்டதா என்று எழுதவும்.

நீ மாவு ஆலையில் குமாஸ்தாவாக இருப்பதால் ஒரு விவரம் தேவைப்படுகிறது. மைதா ரொட்டியைவிடக் கோதுமை ரொட்டி உடம்புக்கு நல்லதா? கேட்பது நான் அல்ல. கடை வாடிக்கையாளர் ஒருவர். ஐம்பத்திரண்டு வயது. நல்ல மனிதர்.

பதினெட்டு வருடமாக ரொட்டிக் கடை வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாதா என்று நினைப்பாய். நம் ஊரில் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை. கடை இருப்பது ஆஸ்பத்திரி வாசலில். ஒருவன் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் போனால், "யாருக்குவே காய்ச்சல்?" என்று நாலு பேர் கேட்பார்கள். சுகமாக இருப்பவன் ரொட்டி தின்பதில்லை. ரொட்டி தின்பவன் சுகமாக இல்லை. எந்த ரொட்டி ஆரோக்கியம் என்று யாரை வைத்துப் பார்ப்பது?

வாடிக்கையாளருக்குப் பொங்கல் கழிந்ததும் தாகம் அதிகமாகி, டாக்டரிடம் போயிருக்கிறார். சர்க்கரை வியாதி என்று சொல்லி மாத்திரை கொடுத்து, அரிசியைக் குறைத்துக் கோதுமை சாப்பிடச் சொல்லிவிட்டார். வீட்டில் சப்பாத்தி போடச் சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். அவர் மனைவி கூர்மையானவர். தவிர, அவருக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். தகப்பனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் வருகிற சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். ஆகவே வெளியிலேயே தின்று முடித்துவிடக்கூடிய ஒரு கோதுமைப் பண்டம் அவருக்கு வேண்டும்.

உலகம்மாளைப் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் கருத்தப்பாண்டியின் மகனுக்குக் கேட்டிருக்கிறார்கள். நல்ல இடம். அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று உன் அக்காள் சொல்கிறாள்.

மேற்படி ரொட்டி விஷயத்தை உன் அக்காளுக்கு எழுத வேண்டாம். அவளுக்கு வியாபார விஷயம் பிடிக்காது. பதிலைக் கடை முகவரிக்கு அனுப்பு.

உன் சுகச் செய்தியை எதிர்பார்த்திருக்கும்,
சண்முகையா


பம்பாய்
17-2-1983

மதிப்புக்குரிய அத்தானுக்கு, செல்லச்சாமி வணக்கத்துடன் எழுதுவது.

சளி விட்டது, இருமல் மட்டும் ஊருக்குப் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி தங்கியிருக்கிறது. மற்றபடி குறைவில்லை. தாங்களும் அக்காளும் உலகம்மாளும் நலமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி.

கேட்ட விவரம்: கோதுமை மணிக்கு வெளியே தவிடு, உள்ளே ஓரமாகச் சிறு முளை, மிச்சமெல்லாம் வெள்ளை மாவு. ஆலையில் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு வெள்ளையை மட்டும் மைதாவாக்கி மூட்டை பிடிக்கிறோம். சத்து பெரும்பாலும் நீக்கியதில்தான் இருக்கிறதாம். தவிடு மாட்டுப் பண்ணைக்குப் போகிறது. மாடுகள் தெம்பாக இருக்கின்றன. தொழிலாளர்கள் கேன்டீனில் வெள்ளை ரொட்டி தின்றுவிட்டு மலச்சிக்கலுக்கு மாத்திரை கேட்கிறார்கள்.

எங்கள் ஃபோர்மேன் ஒரு மராத்திக்காரர். அவர் சொன்னது: "ஏழை தவிட்டோடு சப்பாத்தி தின்கிறான். கொஞ்சம் வசதி வந்ததும் வெள்ளை ரொட்டிக்கு மாறுகிறான். இன்னும் வசதி வந்ததும் டாக்டர் அவனைத் தவிட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்."

சிறு வயதில் அக்காள் என்னைத் தவிட்டுக்கு வாங்கினது என்று சொல்லி அழவைப்பாள். இங்கே வந்து பார்த்த பின் அது ஒன்றும் மட்டமான விலை இல்லை என்று தெரிகிறது. ஆனால் இதை அவளுக்கு எழுத முடியாது. அவளுக்கு வியாபார விஷயம் பிடிக்காது என்கிறீர்கள். பாட்டியார் கடையில் தராசு பிடித்து வளர்ந்தவள் எப்போது மாறினாள் என்று தெரியவில்லை.

நல்ல மனிதரான அந்த வாடிக்கையாளருக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
செல்லச்சாமி


சங்கரன்கோவில்
14-3-1983

அன்பு மாப்பிள்ளைக்கு,

மூவரும் சுகம். உன் இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடி.

கோதுமை ரொட்டி போட்டுப் பார்த்தோம். மிஷினில் திரித்து, சலிக்காமல் அப்படியே பிசைந்தது. நம் அடுப்பு மாஸ்டர் மைதீன் பாட்சாவை உனக்குத் தெரியும். கடையநல்லூர்க்காரர், குவைத்தில் ஆறு வருடம் ரொட்டி சுட்டவர். மாவைத் தொட்டதுமே, "மொதலாளி, இது பொங்காது" என்றார். பொங்கவில்லை. வெந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தபோது சத்தம் கேட்டது.

"இது ரொட்டியா வரட்டியா மொதலாளி? குவைத்துல இதத் தூக்கி எறிஞ்சா ஒட்டகம் எந்திரிச்சிரும்."

"தவிட்டுல சத்து இருக்குவே."

"இருக்கட்டும். பல்லுலயும் இருக்கணும்லா."

ஆஸ்பத்திரியில் மனைவியைச் சேர்த்திருக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கரிஞ்சதப் பாதி வெலைக்குத் தாரீயளா அண்ணாச்சி?" என்று கேட்டார். கரிந்ததல்ல, கோதுமை என்றேன். "கோதும ரேஷன்லயே கெடக்கு. அதத் திங்கவா ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்று மைதா ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

வாடிக்கையாளர் நாலு துண்டு தின்றார். தாடை வலிக்கிறதாம். வேறு மாறுதல் தெரியவில்லை. மாவு பொங்குவதற்கு என்ன வழி என்று கேட்டு எழுது.

புளியங்குடிக்காரர்கள் வைகாசியில் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஆசிகளுடன்,
சண்முகையா


பம்பாய்
30-3-1983

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

பனங்கற்கண்டு இங்கே கிடைக்கவில்லை. இருமல் தானாகவே போய்விட்டது.

தவிட்டு மாவுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். பிசைந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, பிறகு ஈஸ்ட் சேர்க்க வேண்டும். நாலில் ஒரு பங்கு மைதா கலந்தால் பொங்கும். கலந்ததை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே பெரிய கடைகளில் 'பிரவுன் பிரெட்' என்று விற்கிறார்கள். நல்ல கறுப்பு, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது. தவிட்டு ரொட்டி எப்படி மெத்தென்று இருக்கும் என்று சந்தேகப்பட்டு, ஒரு பேக்கரியின் பின்கட்டில் வேலை செய்யும் தூத்துக்குடிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர் கடையில் போடுவது முழு மைதாதான். சர்க்கரையைக் கரியக் காய்ச்சி நிறத்துக்கு ஊற்றுகிறார்கள். டாக்டர் சர்க்கரையை விடச் சொன்னவர்கள் வரிசையில் நின்று அதை வாங்குகிறார்கள். நிறத்தை நம்ப வேண்டாம். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், பிட்டால் தவிடு தெரிய வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் ஒட்டக ரொட்டி பம்பாய் ரொட்டியைவிட யோக்கியமானது.

அத்தான் மெலிந்துவிட்டார், சட்டை தொளதொளக்கிறது என்று அக்காள் எழுதியிருந்தாள். வாடிக்கையாளரும் மெலிந்திருக்கிறாரா?

தங்கள் அன்புள்ள,
செல்லச்சாமி


சங்கரன்கோவில்
28-4-1983

அன்பு மாப்பிள்ளைக்கு,

யாவரும் சுகம். வெயில் கடுமை. உன் கடிதத்தின் கடைசி வரி மசி பரவிச் சரியாகத் தெரியவில்லை.

நீ சொன்னபடி ஊறவிட்டதில் ரொட்டி பொங்கிவிட்டது. மைதீன் பாட்சா ஒரு துண்டைத் தின்று பார்த்து, "ஒட்டகம் கோவிச்சுக்கிடும், ஆனா எந்திரிக்காது" என்றார்.

வாடிக்கையாளர் சும்மா இருக்கவில்லை. டாக்டர் அவருக்கு ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொடுத்திருக்கிறார். மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மோசம். வீட்டில் காய்ச்ச முடியாதாகையால் என் கடை அடுப்பு வாயில் காய்ச்சிக்கொள்ள அனுமதித்திருக்கிறேன்.

ஒருநாள் வெள்ளை ரொட்டி நாலு துண்டு. இரண்டு மணி கழித்துக் காய்ச்சினால் ஆரஞ்சு. மறுநாள் அதே நேரம் கோதுமை ரொட்டி நாலு துண்டு. மஞ்சள் கலந்த பச்சை. வாடிக்கையாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மூன்றாம் நாள் கோதுமை ரொட்டி எட்டுத் துண்டு தின்றார். செங்கல். நாலாம் நாள் வெள்ளை ரொட்டி இரண்டே துண்டு, பச்சை. ஆகவே ஆலையில் கேட்டு எழுது: எதைத் தின்றோம் என்பது பெரிதா, எவ்வளவு தின்றோம் என்பது பெரிதா?

மைதீன் பாட்சா நாலாம் நாள் பார்த்துவிட்டார். "அடுப்புல என்ன காச்சுதீய மொதலாளி?" என்றார்.

"ரொட்டிக்கு நெறம் பாக்கேன்."

"வாடை வேற மாரி வருதே."

வடக்கே புதுசாக வந்திருக்கும் எசென்ஸ் என்று சொல்லி வைத்தேன்.

இப்போது இரண்டு ரொட்டியையும் ஒரே மெழுகுத்தாளில் சுற்றித் தருகிறேன், வாங்குகிறவர் கையில் எது இருக்கிறது என்று தெரு அறியாதபடி. வெள்ளைக்குச் சிவப்பு நூல், கோதுமைக்கு நீல நூல். குழாயில் நீலம்தானே நல்ல நிறம். இங்கே ஒரு தறிக்காரரிடம் சாயம் அரைகுறையாக ஏறிய கழிவு நூல் கிடைத்தது. அந்த மங்கல் நீலம் வேறு கடையில் கிடையாது.

பொழுது சாயும் நேரத்தில் நீல நூலுக்கு ஆள் வருகிறது. ஒரு வாத்தியார், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஒரு சாமியாடி. ஒருவரும் தனக்கென்று கேட்பதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறாராம். ஊரில் இத்தனை விருந்தாளிகள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

ஆசிகளுடன்,
சண்முகையா


பம்பாய்
12-5-1983

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நலம். உங்கள் நலம் குறித்து இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை; உண்மையாகவே கேட்கிறேன்.

ஆலைக் கெமிஸ்டிடம் கேட்டேன். தவிடு இருந்தால் மாவு மெதுவாகச் செரிக்கும் என்கிறார். மற்றபடி அதுவும் மாவுதான். வாடிக்கையாளரின் ஆராய்ச்சியைச் சொன்னதும் அவர் எழுந்து நின்று கேட்டார். இப்படி ஒழுங்காகச் செய்து பார்த்தவர் எங்கே வேலை செய்கிறார் என்றார். ரொட்டிக் கடையில் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிவிட்டது.

அந்த மனிதரிடம் இதைச் சொல்லுங்கள். ரொட்டி எந்த நிறமானாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், கூர்மையான மனைவியிடம் அவரே சொல்லிவிடுவது நல்லது.

தங்கள் அன்புள்ள,
செல்லச்சாமி


பம்பாய்
4-7-1983

அத்தானுக்கு,

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. போன கடிதம் வந்து சேரவில்லையா, வந்து சேர்ந்ததுதான் காரணமா? புளியங்குடிக்காரர்கள் வந்து போனதாக அக்காள் எழுதினாள். தங்களைப் பற்றி, "சுகமாக இருக்கிறார்" என்று ஒரே வரி. அவள் அப்படி ஒரே வரியில் எழுதுகிறவள் அல்ல.

செல்லச்சாமி


சங்கரன்கோவில்
8-8-1983

அன்பு மாப்பிள்ளைக்கு,

சுகம். கடையில் வேலை அதிகம். ஆடித் தபசுக்கு வந்த கூட்டம் கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டதால், போன மாதக் கடைசியில் சிவப்பு நூல் ரொட்டிக்குத் தட்டுப்பாடு.

எழுதாததற்குக் காரணம் உண்டு. பெண் பார்க்க வந்தபோது கருத்தப்பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேக்கேன்னு தப்பா நெனைக்கப்படாது. உங்க வீட்டுல யாருக்கும் சீக்கு கீக்கு உண்டா?" என்றார். "ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுலயும் கெடையாது" என்றார். நான் கேட்கவே இல்லை. அன்று இரண்டு டம்ளர் சீனி போட்ட காப்பி குடித்தேன். மறுநாள் குழாயைக் காய்ச்சவில்லை. வாடிக்கையாளர் ஊரில் இல்லை.

ஆவணி 23 வியாழக்கிழமை நிச்சய தாம்பூலம். சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் பாயசம் குடிக்க வேண்டும். குடித்தால்தான் சம்மதம். அதன் பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். டம்ளரை ஒதுக்கினால் சம்பந்தத்தை ஒதுக்கினது போல. உலகம்மாளுக்குப் புடவை எடுத்து ஜாக்கெட்டும் தைத்தாகிவிட்டது.

வாடிக்கையாளர் வீட்டிலும் இதே போல் ஒரு விசேஷம். நாலு மாதம் விடாமல் கோதுமை ரொட்டி தின்றவருக்கு ஒரு டம்ளர் பாயசம் மன்னிக்கப்படுமா என்று கெமிஸ்டிடம் கேட்டு எழுது.

சண்முகையா


பம்பாய்
18-8-1983

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

கெமிஸ்டிடம் கேட்டேன். கோதுமைக்கு அந்த அதிகாரம் இல்லை என்கிறார். ஒரு டம்ளரில் உயிர் போகாது என்றும் சொன்னார். என் யோசனை வேறு. சீக்கு இல்லை என்று சொல்லிச் சம்பந்தம் செய்கிறவர், தலைத் தீபாவளிக்கு ஒரு டம்ளர், வளைகாப்புக்கு ஒரு டம்ளர், பேரன் பிறந்தால் ஒரு டம்ளர் என்று ஆயுள் முழுக்கப் பாயசம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

லீவு கிடைக்கவில்லை. உலகம்மாளுக்கு என் ஆசி.

செல்லச்சாமி


சங்கரன்கோவில்
12-9-1983

அன்பு மாப்பிள்ளைக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பதினோரு தட்டோடு வந்து இறங்கினார்கள். எலுமிச்சைத் தட்டு மட்டும் மூன்று. பெண்ணுக்கு வைக்கும் பூவை வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி வெள்ளித் தட்டில் வைத்திருந்தார்கள். கட்டியிருந்தது நீல நூல். மங்கல் நீலம். நாலு துண்டை முடிச்சுப் போட்டு நீட்டியிருந்தார்கள். ரொட்டிக்கு ஒரு முழம் நான் கொடுப்பது. நாலு ரொட்டி.

செவ்வாய், வெள்ளிகளில் ஒரு லாரி டிரைவர் வந்து, மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு என்று இரண்டிரண்டாக வாங்கிப் போவார். எந்த மண்டி என்று நான் கேட்டதில்லை. நீல நூல்காரர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது கடை வழக்கம்.

பாயசம் வந்தது. இருவர் முன்னாலும் வைத்தார்கள்.

"குடிங்க அண்ணாச்சி" என்றேன்.

"பொண்ணு வீட்டுக்காரவுக மொதல்ல."

"விருந்தாளி இருக்கையில நான் எப்படி?"

"ஆறட்டும்."

"ஆமா, சூடா இருக்கு."

இப்படியே கால்மணி நேரம். இரண்டு டம்ளரிலும் ஆடை கட்டிவிட்டது. உலகம்மாள் கதவு இடுக்கில் நின்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். கை அதற்கு மேல் போகவில்லை. கீழே வைத்துவிட்டு, பூப் பொட்டலத்தைக் காட்டி, "இந்த நூலு எங்கன கெடச்சது அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மண்டியில கெடந்தது" என்றார். பிறகு, "எங்க கணக்குப்பிள்ள ரொட்டி திம்பான்" என்றார்.

"எங்கிட்டயும் ஒரு வாடிக்கைக்காரர் உண்டு" என்றேன்.

அப்போது உன் அக்காள் அடுக்களையிலிருந்து வந்தாள். இரண்டு டம்ளரையும் எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு தட்டை வைத்தாள். தட்டில் கோதுமை ரொட்டி, ஆளுக்கு இரண்டு துண்டு, நெய் தடவாமல் சுட்டது. பக்கத்தில் ஒரு நூல் உருண்டை. நீலம். புளியங்குடிப் பெருவெட்டு எலுமிச்சை அளவு இருந்தது.

மைதீன் பாட்சா கண்ணில் படக் கூடாதென்று, ரொட்டியைப் பிரித்ததும் நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம். சட்டையைத் துவைப்பது யார் என்பதை யோசிக்கவில்லை. ஏப்ரல் மாதத்திலிருந்து சேர்த்திருக்கிறாள்.

கருத்தப்பாண்டி உருண்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "எத்தன வருசமா?" என்றார்.

"இந்தப் பொங்கல்லருந்து."

"எனக்கு ஆறு வருசம். கண்ணு கொஞ்சம் மங்கல்" என்றார். "சரி, இனிமே நான் ஒம்மையும் சொல்ல முடியாது, நீரு என்னையும் சொல்ல முடியாது. பிள்ளைய ரெண்டையும் வருசத்துக்கு ஒருக்கா அந்தக் கொழாயக் காச்சிப் பாக்கச் சொல்லுவோம்." ரொட்டியைக் கடித்தார். தட்டு மாற்றியாகிவிட்டது. ரொட்டி தின்று நிச்சயம் செய்த கல்யாணம் இந்த வட்டாரத்தில் இதுவாகத்தான் இருக்கும். வந்திருந்தவர்களில் ஒருவர் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாராம்.

பஸ் ஏறும்போது அவர் ரகசியமாகக் கேட்டார்: "வே, நெசமாவே இது வெள்ள ரொட்டியவிட நல்லதா?"

"அளவாத் தின்னா நல்லது அண்ணாச்சி. அளவில்லாமத் தின்னா ரெண்டும் ஒண்ணுதான். பதினஞ்சு தரம் காச்சிப் பாத்துட்டேன்."

"ஒம்ம வாடிக்கைக்காரரு சொன்னாரா?"

"அவரு இனிமே வரமாட்டாரு" என்றேன்.

இவ்விடம் இரண்டு பேர் சுகம். ஒருவனுக்குச் சர்க்கரை.

சண்முகையா


சங்கரன்கோவில்
15-9-1983

அன்புத் தம்பி செல்லச்சாமிக்கு, அக்காள் கோமதித்தாய் எழுதிக்கொள்வது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணம் தையில். இப்போதே லீவுக்கு எழுதிப் போடு.

உன் அத்தானுக்கு நீ எழுதிய கடிதங்களையெல்லாம் கடையில் மைதா டின்னுக்கு அடியில் வைத்திருந்தார். ஒன்று விடாமல் படித்துவிட்டேன். தராசு பிடித்தவள் என்று எழுதியிருந்தாயே, சந்தோஷம். அவரே வாயைத் திறந்து சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சொல்லவே மாட்டார் போலிருந்ததால் உருண்டையைக் கொண்டுவந்து வைத்தேன். இப்போது வீட்டிலேயே சப்பாத்தி போடுகிறேன். எண்ணித்தான் போடுகிறேன்.

உன்னிடம் ஒரு விவரம் கேட்க வேண்டும். ரொட்டியில் உப்பு எவ்வளவு சேர்க்கிறார்கள்? வெள்ளை ரொட்டியில் குறைவா, கோதுமை ரொட்டியில் குறைவா? கேட்பது நான் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள். நாற்பத்தாறு வயது. நல்ல மனுஷி. தலை சுற்றுகிறது என்று போனதற்கு, ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கல்யாண வேலை நடக்கிறபோது இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று பார்க்கிறாள்.

கெமிஸ்டிடம் கேட்டுப் பதிலை முப்பிடாதி கோவில் தெரு சுந்தரம்மாள் முகவரிக்கு எழுது. உன் அத்தானுக்கு எழுத வேண்டாம். அவருக்கு வைத்திய விஷயம் பிடிக்காது.

இவ்விடம் எல்லோரும் சுகம்.

உன் அக்காள்,
கோமதித்தாய்